வாசலூர்பட்டிக்கு வரும் கம்பி

நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியில் காரவள்ளி என்னும் அடிவாரத்தைக் கடந்து, கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி முடித்து, குளிர்ந்த காற்று முகத்தில் வந்து படியும் உயரத்தை அடைந்து, செம்மேட்டை அடுத்த வாசலூர்பட்டிக்குப் போகிற வெளியூர்வாசிகள் பெரும்பாலும் அங்குள்ள படகு இல்லத்தை உத்தேசித்தே போகிறார்கள். ஆனால் அம்மலையிலேயே பிறந்து, மிளகும் காப்பியும் அன்னாசியும் சாமையும் விளைவித்து, அவற்றின் விலை நிலவரத்தைக் கைப்பேசியில் பார்த்து, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் முதல் நிலத்தின் பட்டா வரை சகல காரியங்களுக்கும் இணைய இணைப்பையே நம்பியிருக்க வேண்டிய காலத்துக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு, அவ்விணைப்பு ஏன் ஒரு சமயம் விரைகிறது, ஏன் ஒரு சமயம் தேங்கி நிற்கிறது, பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுவது தம் வீட்டில் மட்டும் ஏன் நொண்டுகிறது என்பதே நித்தியக் கவலை.

இந்தக் கவலைக்கு மலையிலும் சமவெளியிலும் ஒருங்கே வழங்கிவரும் சமாதானம் ஒன்று உண்டு: “லைன்ல வோல்டேஜ் இல்லீங்க, அதான் நெட் ஸ்லோ.” கேட்பவருக்கும் அது நியாயமாகவே படுகிறது. மாலை நேரத்தில் மின்விளக்கு மங்குவதையும் மின்விசிறி தளர்ந்து சுழல்வதையும் கண்ணாரக் கண்டிருக்கிற ஒருவர், மின்சாரம் குறைந்தால் இணையமும் குறையும் என்று எண்ணுவதில் ஆச்சரியமில்லை. சற்றுக் கைத்திறன் உடையவர்கள் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து, தொலைபேசிக் கம்பியின் இரு முனைகளையும் தொட்டு அளந்து, “எங்கள் வீட்டில் 47 வோல்ட்தான் இருக்கிறது, அடுத்த வீட்டில் 52 இருக்கிறது, அந்த ஐந்து வோல்ட்தான் அவர்களுடைய வேகம்” என்று தீர்மானித்துவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தில் ஓர் அம்சம் உண்மை, பெரும்பகுதி தவறு. எந்த அம்சம் உண்மை என்று பிரித்தறிந்தால்தான், வீட்டுக்காரர் சரியான இடத்தில் சரியான குறையைச் சொல்லிப் பரிகாரம் பெற முடியும் என்பதனால், இவ்விஷயத்தை அடியிலிருந்து விசாரிப்பது பிரயோஜனமுள்ள காரியமாகும்.

முதலில், தொலைபேசிக் கம்பியில் இருக்கவேண்டியதாகச் சொல்லப்படும் 48 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழைய செப்புக் கம்பித் தொலைபேசியில், வீட்டிலுள்ள கருவிக்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டின் மின் இணைப்பு தருவதில்லை; தொலைபேசி நிலையத்திலே வரிசையாக வைக்கப்பட்டுள்ள பேட்டரிகள் தருகின்றன. ஈயமும் அமிலமும் கொண்ட இரண்டு வோல்ட் மின்கலங்கள் 24 சேர்ந்தால் 48 வோல்ட் ஆகிறது. அவை எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் ஒவ்வொன்றும் 2.25 வோல்ட் அளவில் நிற்பதால், மொத்தம் 54 வோல்ட் வரையிலும் கம்பியில் காணப்படும். இதன் நேர்முனையைப் பூமியோடு இணைத்து, கம்பியை எதிர்மின்னழுத்தத்தில் வைத்திருப்பது, ஈரம் பட்ட இடங்களில் செம்பு அரித்துக் கரைந்துபோகாமல் காப்பதற்காக நம் முன்னோர் காலத்திலேயே செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு. ரிசீவரை எடுத்ததும் கம்பியில் 20 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயத் தொடங்கி, வீட்டுமுனையில் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மணி அடிக்கும்போதோ சுமார் 75 வோல்ட் கொண்ட மாறுமின்சாரம் வினாடிக்கு 25 முறை ஊசலாடிக்கொண்டு வரும். ஆகையால் தொலைபேசிக் கம்பி ஆபத்தற்றது என்று எண்ணி வெறுங்கையால் அதன் முனைகளைப் பிடிக்கலாகாது.

இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கையைத் தொடர்ந்து, 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தன் செப்புக் கம்பிகளின் வழியே அகலப்பட்டை இணைப்புகளை வழங்கத் தொடங்கியபோது, அந்த நேர்மின்சாரத்துக்கு இம்மியும் இடையூறு செய்யாமல், அதே கம்பியில் வேறோர் அடுக்கிலே புதிய போக்குவரத்து ஏற்றப்பட்டது. மனிதக் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. ஏ.டி.எஸ்.எல். எனப்படும் முறையோ சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1,104 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், அதன் பிற்காலத்து வடிவம் 2,208 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் உள்ள அதிர்வெண்களை உபயோகிக்கிறது. இப்பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள நூற்றுக்கணக்கான சிறு பாத்திகளாக வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தகவலை ஏற்றலாம் என்று மோடம் தானே பரீட்சித்துப் பார்த்து முடிவு செய்கிறது. நேர்மின்சாரத்தின் அளவு இந்தக் கணக்கில் எங்குமே நுழைவதில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்றால், அந்த அளவு தூரத்தைக்கூட அறியாது என்பது புலப்படும். ரிசீவர் கீழே வைக்கப்பட்டிருக்கும்போது கம்பியில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் கம்பியின் தடை எவ்வளவாயினும் மின்னழுத்தம் குறைவதற்குக் காரணமில்லை. ஆகவே நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டிலும், நான்கு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டிலும் மல்டிமீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். இணைய வேகமோ அவ்விரு வீடுகளுக்கிடையே பன்மடங்கு வேறுபட்டிருக்கும். 47-க்கும் 52-க்கும் உள்ள பேதம் பெரும்பாலும் அளந்த வேளையில் நிலையத்துப் பேட்டரி எந்த ஸ்திதியில் இருந்தது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. இதற்கு வலுவான சாட்சியம் ஒன்று உண்டு: இரு கம்பிகளில் ஒன்று அறுந்து, மின்னழுத்தம் பூஜ்யமாகி, டயல் டோனும் அற்றுப்போன பின்னும், உயர் அதிர்வெண் அலைகள் அறுந்த இடத்தைத் தாவிச் செல்லும் சுபாவத்தால், இணையம் மட்டும் மெதுவாகவேனும் ஓடிக்கொண்டிருப்பதைத் தொலைபேசித் துறையில் பணிபுரிந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

அப்படியானால் வேகத்தை நிர்ணயிப்பது எது? முதற்காரணம் தேய்மானம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பியில், 300 கிலோஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் பிரயாணம் செய்வதற்குள் சுமார் 14 டெசிபல் தேய்ந்துபோகிறது. அதாவது புறப்பட்ட சக்தியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. இரண்டாவது கிலோமீட்டரின் முடிவில் அந்த ஒரு பங்கிலும் இருபத்தைந்தில் ஒன்று. அதிர்வெண் உயர உயரத் தேய்மானமும் கடுமையாவதால், தூரத்து வீடுகளில் மேற்பாத்திகள் முழுவதும் தரிசாகக் கிடக்க, அடிப்பாத்திகள் மட்டுமே பயன் தருகின்றன. இங்கே மலைநாட்டுக்கென்று ஒரு விசேஷத் துன்பம் இருக்கிறது. நம் கண்ணுக்குக் கூப்பிடு தூரத்தில் தெரியும் வீட்டுக்குக் கம்பி நேராகப் போவதில்லை. அது சாலையோடு சேர்ந்து வளைந்து, பள்ளத்தைச் சுற்றி, அடுத்த மேட்டில் ஏறி, கிலோமீட்டர் கணக்கில் நடந்துதான் போய்ச் சேருகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு வீடுகளுக்குக் கம்பி இரு வேறு பெட்டிகளிலிருந்து, இரு வேறு மார்க்கங்களில் வந்திருக்கவும் கூடும். கண்ணால் கண்ட தூரத்தைக் கொண்டு வேகத்தை ஒப்பிடுவது அங்கே பயனற்றது.

இரண்டாவது காரணம் இரைச்சல். நள்ளிரவில் ஒரு மேட்டிலிருந்து மற்றொரு மேட்டுக்குத் தெளிவாகக் கேட்கிற அதே குரல், ஆடி மாதத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது, தாரையும் தப்பட்டையும் ஒலிபெருக்கியும் ஜனத்திரளும் சேர்ந்து எழுப்புகிற ஆரவாரத்தினிடையே, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்பதில்லை. கம்பியில் வரும் அலையின் கதியும் இதுவே: அது எவ்வளவு பலமாக வருகிறது என்பதைவிட, சுற்றியுள்ள இரைச்சலுக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதே முக்கியம். மோடம் தன் இணைப்பை அமைக்கும்போது, இரைச்சல் சற்றுக் கூடினாலும் அறுந்துவிடாதபடி, வழக்கமாக 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு சக்தி, உபரியாக வைத்துக்கொண்டுதான் அமைக்கிறது. அந்த உபரி கரைந்து போகும்போதெல்லாம் இணைப்பு அறுந்து, மோடத்தின் சிறுவிளக்கு மினுக்கத் தொடங்குகிறது.

இரைச்சல் என்றவுடன் ஏதோ பழுதென்று நினைக்க வேண்டியதில்லை. 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பு 936 கிலோஹெர்ட்ஸில் அமைந்தது. ஆடுதுறை 27 என்னும் நெல்வகைக்குத் தஞ்சை விவசாயிகளிடையே ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நிலைக்கும் அளவுக்கு அந்த வானொலி செய்த தொண்டை நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆனால் 936 கிலோஹெர்ட்ஸ் என்பது ஏ.டி.எஸ்.எல். பரப்புக்குள்ளேயே விழுகிறது, கணக்கிட்டுப் பார்த்தால் 217-ஆம் பாத்தி. திறந்த வெளியில் கம்பங்களின் மேல் நீளமாகத் தொங்கும் தொலைபேசிக் கம்பி, யாரும் கேளாமலே வானொலியின் ஏரியலாகவும் ஆகிவிடுவதனால், அந்தப் பாத்தியில் இரைச்சல் மிகுந்திருப்பதைக் கண்டு மோடம் அதில் தகவலைக் குறைத்து ஏற்றுகிறது. சூரியன் மறைந்தபின் வானின் மேலடுக்குகளில் நிகழும் மாறுதலால் மத்திய அலைகள் வெகுதூரம் செல்லுமாதலால், பகலில் எட்டாத தூர நிலையங்களும் இரவில் வந்து இக்கம்பியில் படிகின்றன. பகலில் ஒழுங்காக இருந்த இணைப்பு விளக்கேற்றும் வேளைக்குப் பிறகு அடிக்கடி அறுவதற்கு இது ஒரு காரணம். மட்டமான எல்.இ.டி. பல்புகளும், மலிவு சார்ஜர்களும், மோட்டாரும் மிக்ஸியும் எழுப்பும் மின் இரைச்சலும் இதே பரப்பில்தான் விழுகிறது. மோடத்தையும் அதன் கம்பியையும் இவற்றினின்று சற்று விலக்கி வைப்பது செலவில்லாத சிகிச்சை.

இப்போது, முன்பு ‘ஓர் அம்சம் உண்மை’ என்றேனே, அதற்கு வருவோம். 48 வோல்ட் என்பது வேகத்தின் அளவுகோல் ஆகாவிட்டாலும், கம்பியின் ஆரோக்கியத்தைச் சொல்லும் சாட்சியாக அது நிச்சயம் உதவும். ரிசீவர் கீழே இருக்கையில் 48-க்குப் பதிலாக 30 அல்லது 20 வோல்ட் காட்டினால், எங்கோ காப்புறை கெட்டு, ஈரத்தின் வழியே மின்சாரம் பூமிக்குக் கசிகிறது என்று பொருள். 10-க்கும் கீழே காட்டினால், வீட்டில் ஏதேனும் ஒரு கருவியின் ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை, அல்லது இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. வடகிழக்குப் பருவமழையும் அதன் பின்னர் வரும் பனியும் மாதக்கணக்கில் ஈரத்தை விலகவிடாத மலையில், ஜாயிண்டுகளுக்குள் நீர் புகுவது வருடந்தோறும் நிகழக்கூடியதே.

இவற்றையெல்லாம்விடக் கண்டுபிடிக்கச் சிரமமான பழுது ஒன்று உண்டு. இதை வாசகர்கள் மனத்திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். இரண்டு செப்புக் கம்பிகளைக் கையால் முறுக்கிச் சேர்த்த ஜாயிண்டில், காலப்போக்கில் களிம்பு படிந்து, மெல்லிய ஏடுபோல் இடையே நின்றுவிடும். மல்டிமீட்டர் அங்கே 48 வோல்ட்டைத்தான் காட்டும். ஏனெனில் அளக்கும்போது மின்னோட்டம் இல்லை. ஆனால் மிக நுண்ணிய இணைய அலைகள் அந்த ஏட்டில் சிதைந்துபோகின்றன. ரிசீவரை எடுத்ததும் மில்லி ஆம்பியர் கணக்கில் பாயும் நேர்மின்னோட்டம் அந்தக் களிம்பைத் துளைத்துக்கொண்டு தற்காலிகமாக வழியேற்படுத்துவதால், அதுவரை தேங்கியிருந்த இணையம் திடீரென்று சீராக ஓடத் தொடங்கும். ரிசீவரை வைத்துச் சில மணி நேரம் கழிந்தால் மறுபடியும் பழைய கதை. போனில் பேசும்போது நெட் நன்றாக இருக்கிறது, வைத்தால் போய்விடுகிறது என்று ஒருவர் சொன்னால், அதைப் பிரமை என்று ஒதுக்கிவிடலாகாது. அவர் சொல்வது ஜாயிண்டில் களிம்பு என்பதற்குத் தெளிவான லட்சணம். அதுபோலவே மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்தால், தளர்ந்த ஜாயிண்டோ, குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பொருத்தாமல் விட்ட இன்னொரு தொலைபேசியோ காரணமாயிருக்கும். உள்ளறைக்கும் மாடிக்கும் இழுத்துவிட்டு, இப்போது யாரும் உபயோகிக்காமல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பிகளும், போகிற அலையைத் திருப்பியடித்துக் குழப்பம் விளைவிக்கும். அவற்றைத் துண்டித்துவிட்டு, வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் இடத்திலேயே மோடத்தை வைப்பது நல்லது.

வோல்டேஜ் என்று பேச்சுவழக்கில் குறிக்கப்படும் இரண்டாவது பொருள், வீட்டுக்கு வரும் மின்வாரியத்து மின்சாரம். நம் நாட்டில் வீடுகளுக்கு 230 வோல்ட் என்பது நியமம். அதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ விதி இடந்தருகிறது. ஆகவே 216-க்கும் 244-க்கும் இடைப்பட்டது முறையான அளவு. வீடுகள் நெருங்கியிராமல் தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகளில், ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பிகள் நெடுந்தூரம் இழுக்கப்படுவதால், கடைசி வீட்டில், அதுவும் எல்லோரும் விளக்கேற்றும் நேரத்தில், அழுத்தம் இறங்குவது எளிது. இங்கே மின்னோட்டம் உண்மையிலேயே பாய்கிறதாதலால், தொலைபேசிக் கம்பிக்குப் பொருந்தாத விதி இதற்குப் பொருந்தும்: தூரமும் உபயோகமும் கூடக்கூட அழுத்தம் குறையும்.

இது இணையத்தைப் பாதிக்குமா என்றால், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் தரும் அடாப்டரைப் பொறுத்தது என்பதே விடை. இரும்பு உள்ளகம் கொண்டு கனமாயிருந்த பழைய அடாப்டர்கள், உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால் வெளியே தருவதையும் அதே விகிதத்தில் குறைத்துவிடும். இக்காலத்து இலேசான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் 12 வோல்ட்டை நிலையாகத் தரும்படி செய்யப்பட்டவை. மின்விளக்கு மங்கினாலும் இவை தளர்வதில்லை. ஆனால் இவற்றின் உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தால் உலர்ந்து முதுமை எய்துகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழில் அறிந்தவர்களின் கணக்கு. முதுமையுற்ற அடாப்டர் சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டும். ரவுட்டர் முழுமூச்சாக வேலை செய்யும் சமயத்தில் மட்டும் துவண்டு விழும். படம் பார்க்க ஆரம்பித்தவுடன் ரவுட்டர் தானே அணைந்து எரிகிறது என்றால், லைனைக் குறைகூறுமுன் அதே அளவுள்ள வேறோர் அடாப்டரை மாட்டிப் பார்ப்பதே விவேகம். மற்றபடி, இங்கும் ஒன்றைத் திட்டமாகச் சொல்லலாம்: குறைந்த மின்னழுத்தம் ரவுட்டரை நிறுத்தும், மீண்டும் மீண்டும் எழுப்பும், 50 மெகாபிட் வேகத்தை 20 ஆகச் சுருக்குவது அதன் வேலையன்று.

இந்தச் செப்புக் கம்பி யுகம் நம் கண்முன்னே முடிந்துகொண்டிருக்கிறது. 1966-இல் சார்லஸ் காவோ என்னும் அறிஞர், தேய்மானம் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே இறங்குமானால் கண்ணாடி இழையில் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது உலகமே அந்த இழையால் பின்னப்பட்டிருந்தது. இன்றைய இழையில் தேய்மானம் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல்தான், செம்பில் ஒரு கிலோமீட்டருக்குப் பின் இருபத்தைந்தில் ஒரு பங்கு மிஞ்சிய இடத்தில், கண்ணாடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு மிஞ்சுகிறது. 2011-இல் மத்திய அரசு அனுமதித்து, பிற்பாடு பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டத்தின்கீழ், தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பொறுப்பை, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றிருக்கிறது. கொல்லிமலையின் ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடங்கியவையே. மலைவாழ் மக்களுக்கு இது சலுகை அன்று; சமவெளியில் உள்ளவனுக்கு என்ன உரிமையோ அதே உரிமை.

கண்ணாடி இழையில் மின்னழுத்தம் என்பதே கிடையாது, ஓடுவது ஒளி. நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1,490 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஒளியும், வீட்டிலிருந்து நிலையத்துக்கு 1,310 நானோமீட்டர் ஒளியும் ஒரே இழையில் எதிரெதிராகச் செல்கின்றன. வழியில் மின்சாரம் தேவைப்படாத கண்ணாடிப் பிரிப்பான் ஒன்று, ஓர் இழையின் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. 32 ஆகப் பிரிப்பதிலேயே சுமார் 17 டெசிபல் செலவாகிவிடுவதால், வீட்டுப் பெட்டிக்கு வந்து சேருவது அற்பமான ஒளி. அது டி.பி.எம். என்னும் அளவையில் மைனஸ் எண்ணாகக் குறிக்கப்படும். சாதாரணமாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும்; மைனஸ் 27 என்பது ஒரு வாட்டில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு! அவ்வளவு சொற்ப ஒளியைக் கொண்டு ஒரு குடும்பம் முழுவதற்கும் படிப்பும் பேச்சும் படமும் கொண்டுவந்து தருகிற இந்தச் சாதனத்தை எண்ணும்போது என் மனம் வியப்பால் நிறைகிறது.

செம்பைப் போல் இங்கே படிப்படியான சரிவு இல்லை என்பதையும் அறியவேண்டும். மைனஸ் 16 உள்ள வீட்டுக்கும் மைனஸ் 24 உள்ள வீட்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இராது. எல்லை தாண்டும்வரை எல்லாம் செவ்வனே நடக்கும். தாண்டியதும் பிழைகள் பெருகி, சிவப்பு விளக்கு எரிந்து, இணைப்பே போய்விடும். ஆகவே, அடுத்த வீட்டுக்காரரின் எண் நம்முடையதைவிட நன்றாயிருக்கிறதே என்று விசனப்படுவதில் பயனில்லை. நேற்றுவரை மைனஸ் 20 ஆக இருந்த நம் வீட்டு எண் இன்று மைனஸ் 26 ஆகிவிட்டதென்றால்தான் கவலைப்பட வேண்டும். அது எங்கோ இழை நெரிந்திருக்கிறது, கூர்மையாக வளைந்திருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் தூசி படிந்திருக்கிறது என்பதற்கு அறிகுறி. மரக்கிளை முறிந்து விழுவதும், மழையில் மண் சரிவதும், சாலை விரிவுக்காகத் தோண்டுவதும் மலையில் ஓயாத சம்பவங்கள். வீட்டினுள் மிச்ச இழையைச் சுருட்டி ஆணியில் இறுக மாட்டிவைக்கிறவர்கள், உள்ளங்கையைவிடச் சிறிய வட்டமாகச் சுருட்டாதிருத்தல் நலம்.

ஒளி வந்தாலும் மின்சாரத்தின் பிடியிலிருந்து நாம் தப்பவில்லை. முன்பு மலையில் புயலடித்து மின்சாரம் நாள்கணக்கில் நின்றாலும், நிலையத்துப் பேட்டரி உள்ளவரை செப்புக் கம்பித் தொலைபேசி பேசிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் வண்டி அழைக்க அது உதவியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகையால், வீட்டுப் பெட்டியின் விளக்கை எரியவைக்கும் பொறுப்பு இப்போது வீட்டுக்காரர் தலையில் விழுந்திருக்கிறது. இதன் கனம் நகரவாசிகளுக்குப் புரிவதில்லை. ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யு.பி.எஸ். ஒன்றை மாட்டிவைத்தால் சில மணி நேரம் தாங்கும். 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக ரவுட்டரில் சொருகுவது சரியன்று. ஏனெனில் அதன் அழுத்தம் சார்ஜ் ஏறும்போது 14-ஐ எட்டி, இறங்கும்போது 11-க்கும் வந்துவிடும். மேலும், சித்திரை வைகாசியில் இடியுடன் வரும் கோடைமழையின்போது, அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது அவசியம். செப்புக் கம்பி உள்ள வீடுகளில் அக்கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இழையின் வழியே மின்னல் வராது. மின் இணைப்பின் வழியே தாராளமாக வரும்.

வைஃபை பற்றிய குறைகள் தனி. தடித்த கல்சுவருக்கு அப்பால் கைப்பேசியை வைத்துக்கொண்டு அளக்கிற வேகம், லைனின் வேகம் ஆகாது. ரவுட்டரில் நேராகக் கம்பி செருகி அளந்ததே நம்பத்தக்கது. அப்படி அளந்தும் பகலில் நன்றாயிருந்து, இரவு எட்டு மணிக்கு மட்டும் குறைகிறதென்றால், அது பலரும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்வதால் நேர்வது. அதற்குப் பரிகாரம் சேவை தருபவர் கையில்தான் இருக்கிறது. 2004-இல் 256 கிலோபிட் கிடைத்தாலே அகலப்பட்டை என்று ஒப்புக்கொண்ட இந்தியா, 2023-இல் குறைந்தபட்சம் 2 மெகாபிட் என்று வரையறுத்திருக்கிறது. இந்தக் குறைந்தபட்சம் மலைக்கும் உரியது.

ஆதலால் இணைப்பு கொடுக்க வருகிற நிறுவனங்களுக்கும், அவற்றை மேற்பார்வையிடும் ஊராட்சிகளுக்கும் நான் விண்ணப்பிப்பது இதுதான். செப்புக் கம்பியானால் அதன் தேய்மானத்தையும் இரைச்சல் உபரியையும், கண்ணாடி இழையானால் வந்து சேரும் ஒளியின் அளவையும், இணைப்புத் தந்த நாளிலேயே தேதியிட்டு ஓர் அட்டையில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். லைன்மேனுக்கு அது ஒரு நிமிஷ வேலை. வீட்டில் இருப்பவர்களே, அந்த அட்டையை மின்சாரக் கணக்கு அட்டையோடு பத்திரமாக வைத்திருங்கள். இணையம் நொண்டும் நாளில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து அன்றைய எண்ணைப் பாருங்கள், பிள்ளைகள் காட்டித் தருவார்கள். இரண்டு எண்களையும் சொல்லிப் புகார் கொடுங்கள். ‘வோல்டேஜ் இல்லை’ என்ற பதிலோடு யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். எந்த வோல்டேஜ், எங்கே குறைகிறது, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேளுங்கள்.